நான்காம் மாடிக் காப்பியும் அம்மாவின் தூக்கமும்

நாங்கள் நான்காம் மாடியில் குடியிருந்த காலத்தில் பகலில் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. மொத்தம் மூன்று வீடுகள். ஒன்று எங்களுடையது. எதிரே லெபோசாவா அத்தை. படிக்கட்டை ஒட்டி ஸாகோர்கா அத்தை. யார் அடுப்பில் காப்பி பொங்குகிறது என்பதை வாசனையை வைத்தே சொல்லிவிடலாம். லெபோசாவா அத்தை எப்போதும் கொஞ்சம் கருகவிடுவாள். ஸாகோர்கா அத்தை போடும் காப்பி தண்ணீராக இருக்கும். ஆனால் அங்கே போனால் ஒரு கரண்டி செர்ரி ஜாம் கிடைக்கும். இன்றைக்கும் எங்காவது காப்பி கருகினால் என் கால் தானாக நின்றுவிடுகிறது.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் அப்பா ரத்தோமிர் இறந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்றார்கள். அம்மா பெயர் டெசாங்கா. அவள் ஊர்ப் பேருந்து ஓட்டினாள். தன்யூப் ஆற்றங்கரையிலிருந்து மேட்டில் இருக்கும் சர்க்கரை ஆலை வரை போகும் வண்டி. எங்கள் ஊரில் பேருந்து ஓட்டிய பெண் அவள் ஒருத்திதான்.

"நாப்பதாம் நாள் கழிஞ்சதும் வண்டில ஏறிடுவேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "வீட்லயே உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

ஆனால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பார்த்தால் படுக்கையில் அப்பா பக்கத்துத் தலையணை மட்டும் கலைந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு போவதில்லை. காப்பித் தூள், சர்க்கரைக் கட்டி, ஒரு பாட்டில் பிளம் பழச் சாராயம் கொண்டுபோவார்கள். பெண்கள் கிளம்பும்போது கைப்பையிலிருந்து தூக்க மாத்திரை அட்டை ஒன்றையும் எடுத்து மேசை விரிப்புக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு பெண்ணின் கைப்பையிலும் அது இருந்தது. சீப்பு, கைக்குட்டை மாதிரி அதுவும் ஒன்று. அம்மா அந்த அட்டைகளைத் தொடாமல் அலமாரியில் எடுத்து வைத்தாள்.

"நான் வண்டி ஓட்டுறவ. டாக்டர்கிட்டயே கேட்டு வாங்கிக்கிறேன்" என்றாள்.

மருத்துவ நிலையத்தில் பழைய டாக்டர் ஓய்வு பெற்று, நெவென்கா என்ற இளம் டாக்டர் வந்திருந்தார். அம்மாவுடன் நானும் போயிருந்தேன். டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாளா, குடிப்பாளா, தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சுத் திணறுமா என்றெல்லாம் விசாரித்தார்.

"இந்தத் துக்கத்துல தூக்கம் வராதது நோய் இல்லம்மா. ஆனா உடம்பு ரொம்ப ஓஞ்சு கெடக்கு. அதனால கொஞ்ச நாளைக்கு மட்டும் தர்றேன். சின்ன அளவு. முடியவே முடியாத ராத்திரிக்கு ஒண்ணு. சாராயத்தோட கூடவே கூடாது. போட்டா மறுநாள் வண்டியத் தொடாதீங்க. ஏழு இருக்கு. தீர்றதுக்குள்ள வந்து என்னப் பாருங்க."

வீடு திரும்பியதும் லெபோசாவா அத்தை காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "எத்தன குடுத்தா?"

"ஏழு."

"ஏழா!" அத்தை பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு முட்டி வலிக்குதுன்னு போனப்ப பழைய டாக்டர் இதே மாத்திரைய டப்பா நெறையக் குடுத்தாரேடி! என் முட்டியவிட உன் புருஷன் கொறஞ்சு போயிட்டாரா?"

"சின்னப் பொண்ணு அவ" என்றாள் ஸாகோர்கா அத்தை. "கல்யாணமே ஆகல. புருஷன் போற வலி அவளுக்கு எங்க தெரியும்?"

அம்மா முகம் சுருங்கியது. எங்கள் ஊரில் துக்கத்துக்கு ஓர் அளவு உண்டு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை காலம் கறுப்பு உடுத்தினாள் என்று பார்ப்பார்கள். யாரோ ஊர் பேர் தெரியாத பெண், அப்பாவை ஏழோடு முடித்துவிட்டாள் என்று அவளுக்குப் பட்டது. அவள் அந்த டாக்டரிடம் மறுபடி போகவில்லை. ஏழும் தீர்ந்ததும் அலமாரியைத் திறந்தாள்.

அத்தைகள் குறை வைக்கவில்லை. காப்பித் தட்டிலேயே மாத்திரையும் வரும். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, நீலத்தில் பாதி. "இது சீக்கிரம் கேக்கும். அது விடியவிடியப் பிடிக்கும்" என்று ஜாம் செய்முறை சொல்வது போலச் சொல்வார்கள். மேலே ஒரு வாய் சாராயம். அன்பில்தான் கொடுத்தார்கள். அம்மாவும் தூங்கினாள். அது போதும் என்று எல்லோரும் நினைத்தோம்.

நாற்பதாம் நாள் கழிந்து அம்மா வண்டியில் ஏறினாள். அந்த வாரமே ஒரு காலையில், ரயில் பாதைக்கு முன்னால் இருக்கும் நிறுத்தத்தில் லெபோசாவா அத்தை கூடையோடு கை காட்டிக்கொண்டு நின்றாள். வண்டி நிற்கவில்லை. இறங்கிக்கொண்டிருந்த தடுப்புக் கட்டையை உடைத்துக்கொண்டு பாதையைத் தாண்டிப் போய்தான் நின்றது. ரயில் வருவதற்குள் தாண்டிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அழுதார்கள்.

"கண்ணு தெறந்துதான் இருந்துச்சு" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்த பிறகும் கோட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். "ரோடுதான் எங்கயோ தூரத்துல இருந்துச்சு."

டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் இனி வண்டி என்று பணிமனையில் சொல்லிவிட்டார்கள். அத்தைகள் இரண்டு பேரும் எங்களோடு கிளம்பினார்கள். "அந்தப் பொண்ண நான் நாலு கேள்வி கேக்கறேன்" என்றாள் லெபோசாவா அத்தை.

அம்மா கைப்பையை டாக்டர் மேசைமேல் கவிழ்த்தாள். அட்டைகளும் காகிதத்தில் மடித்த அரைத் துண்டுகளும் விழுந்தன.

"இதெல்லாம் யாரு குடுத்தது?"

"நான்தான்" என்றாள் லெபோசாவா அத்தை நிமிர்ந்து. "நீ குடுக்கல. நாங்க குடுத்தோம்."

"மூணும் பேருதான் வேறம்மா. செய்ற வேலை ஒண்ணுதான். அதுல ஒண்ணு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் உடம்புல நிக்கும். சாராயமும் சேந்தா மூச்சே அடங்கிடலாம்."

அத்தை அந்த அட்டைகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் இன்னிக்கே ஆத்துல கொட்டிடறேன்" என்றாள் அம்மா.

"வேண்டாம். சட்டுனு நிறுத்தினா உடம்பு உதறும். வலிப்புகூட வரலாம். எல்லாத்துக்கும் பதிலா ஒண்ணே ஒண்ணு தர்றேன். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்போம். மெதுவாத்தான். மத்தத இங்கயே வச்சிட்டுப் போங்க."

அம்மா எழுந்திருக்கவில்லை. "எனக்கு ஏன் ஏழு மட்டும் குடுத்தீங்க?" என்று கேட்டாள். இத்தனை நாள் உள்ளே கிடந்த கேள்வி.

டாக்டர் அட்டைகளை ஒதுக்கிவிட்டு அவளைப் பார்த்தார். "ஏழு முடிஞ்சா நீங்க திரும்பி வருவீங்கன்னுதான். உங்களப் பாக்கணும்னு நெனச்சேன். நீங்க வரல."

வீடு திரும்பிப் படிக்கட்டு ஏறும்போது லெபோசாவா அத்தை மெல்லக் கேட்டாள். "அப்ப நான் இத்தன வருஷமாப் போடுறேனே, என் கதி என்னடி?"

"நீயும் டாக்டர்கிட்ட வந்து கேளு" என்றாள் அம்மா. "நீயா நிறுத்திடாத."

அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் எனக்கு இப்போது சிரிப்பும் வருகிறது, ஏக்கமும் வருகிறது. டாக்டர் அம்மாவுக்குச் சில விதிகள் சொல்லியிருந்தார். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பகலில் படுக்கக் கூடாது. மதியத்துக்குப் பிறகு காப்பி கிடையாது. இந்தக் கடைசி விதி நான்காம் மாடியையே உலுக்கிவிட்டது. அம்மா முன்னால் குடித்தால் அவளுக்கு ஆசை வரும் என்று அத்தைகளும் விட்டார்கள். மூன்று பேரும் லிண்டன் என்ற மரத்தின் பூவைப் போட்ட தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"இது மாட்டுக்கு ஊத்துற கஷாயம்டி" என்பாள் லெபோசாவா அத்தை.

"நீ குடி, பால் நல்லாக் கறக்கும்" என்பாள் ஸாகோர்கா அத்தை.

அம்மா சோபாவில் கண்ணை மூடினால் ஸாகோர்கா அத்தை விரலால் குத்துவாள். ஒரு மாத்திரை முக்காலாகி, பாதியாகி, காலாயிற்று. குறைக்கும்போதெல்லாம் சில நாள் கை நடுங்கும், எரிந்து விழுவாள். பிறகு அடங்கும்.

பனி உருகிய சமயத்தில் பணிமனையிலிருந்து ஆள் வந்தார். இந்த வாரம் கையெழுத்து வராவிட்டால் சர்க்கரை ஆலை வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். அம்மா வெளுத்துப் போனாள்.

"ஒண்ணும் சாப்பிடறதில்லன்னு சொல்லிடு" என்றாள் லெபோசாவா அத்தை. "கால் மாத்திர. நகம் அளவு. யாருக்குத் தெரியப் போகுது?"

மருத்துவ நிலைய அறையில் டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "எப்படி இருக்கீங்க? இப்பவும் போடுறீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே அந்த வண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். விரல்கள் பாவாடையைப் பிடித்திருந்தன.

"நேத்து கால் மாத்திரை போட்டேன்" என்றாள். "காலைல படிக்கட்டுல இறங்கறப்ப ஒரு படி எனக்குத் தெரியல. அந்தப் பிள்ளைங்க அந்த வண்டிலதான் ஸ்கூலுக்குப் போகுதுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். எழுந்து வந்து அம்மாவின் தோளில் கை வைத்தார். வேறெதுவும் செய்யவில்லை.

சர்க்கரை ஆலை வண்டி வேறொருவருக்குப் போய்விட்டது. அம்மா அன்று ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதாள். டாக்டரைத் திட்டத் தயாராக வந்த லெபோசாவா அத்தை, திட்டாமல் கைக்குட்டையை நீட்டினாள்.

செர்ரி பழுத்த பிறகுதான் கையெழுத்து கிடைத்தது. அப்போது அம்மா மாத்திரையை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சந்தைக்குப் போகும் சின்ன வண்டிதான் மிச்சம் இருந்தது. முதல் நாள் காலையில் அவள் சீருடையோடு வெளியே வந்தபோது அத்தைகள் இருவரும் அவரவர் வாசலில் நின்றிருந்தார்கள்.

"எப்படித் தூங்கின?" என்றாள் லெபோசாவா அத்தை.

"மோசமா. ரெண்டு தரம் முழிப்பு வந்துச்சு. ரத்தோமிர் நெனப்பு."

"அய்யோ, அப்ப எப்படிடீ ஓட்டுவ?"

"தூக்கம் மோசந்தான்" என்றாள் அம்மா, தொப்பியைச் சரிசெய்துகொண்டே. "ஆனா இப்ப முழிச்சிருக்கேன். நல்லா முழிச்சிருக்கேன்."

கைப்பிடியைப் பிடிக்காமல் அவள் படியிறங்கிப் போனாள். நாங்கள் மூவரும் ஒவ்வொரு படியிலும் அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.