மலைக்கு ஒரு மாற்றல்

வாரத்தில் எனக்கு ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளும் வாய்க்கால் ஓரத்தில் நிறுத்திய காரிலேயே போய்விடுகிறது. ஆறு வருடமாக இதே பிழைப்பு. நான் ஓட்ட வேண்டும். என் கணவர் பின் சீட்டில் கேமராவோடு குந்தியிருப்பார். ஜன்னல் விளிம்பில் மணல் நிரப்பிய தலையணை உறை, அதன்மேல் லென்ஸ். காரைக் கண்டு பறவைகள் மிரளாது, அதிலிருந்து இறங்கும் ஆளைக் கண்டால்தான் பறக்கும். அதனால் கதவைத் திறக்கக் கூடாது, இருமக் கூடாது, தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்ல வேகத்தடையை விட்டால் வேறொன்றும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல், வாய்க்கால், மின்கம்பம், மறுபடியும் வயல். கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதிக்கிறவர் அவர். மனசெல்லாம் இயற்கைப் படத்தில்தான். ஒரு போட்டி விடாமல் படம் அனுப்புவார், ஒன்றிலும் தேறாது. "ஒரு மலை மட்டும் இருந்திருந்தா நான் யாருன்னு காட்டியிருப்பேன்" என்பார். சாப்பிட உட்கார்ந்தாலும் இதே புலம்பல்தான்.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், தபால் அலுவலகத்தில் நான் மாற்றலுக்கு எழுதிப் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. ஒரு மலையூரில் இடம் கிடைத்து, கடிதம் மூன்று வாரமாகக் கைப்பையில் கிடந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அதற்கு முந்தின நாள், ஞாயிறு காலை, வாய்க்காலில் ஒரு நாரை நின்றது. தண்ணீர் அசையவே இல்லை.

"தரையில ஒண்ணும் இல்லேன்னா வானத்தை எடுக்கணும். பாரு, மேகமெல்லாம் தண்ணியில இறங்கியிருக்கு" என்று கிசுகிசுத்தார்.

"பார்த்தேன். ஒரு விஷயம் சொல்லணும்."

"ஷ்ஷ். கழுத்தை நீட்டப் போகுது."

"நீட்டட்டும். எனக்கு மலைக்கு டிரான்ஸ்பர் வந்திருக்கு."

துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் மனிதருக்கு முகம் செத்துப்போயிருந்தது.

"யாரு கேட்டா இதை?"

"நல்லாருக்கே! ஆறு வருஷமா நீங்கதானே கேட்டீங்க."

நாரை கழுத்தை நீட்டி எதையோ கொத்தி விழுங்கியது. அவர் படம் எடுக்கவில்லை.

"அங்க போயும் படம் வரலேன்னா? இங்கேன்னா நிலத்து மேல பழியைப் போட்டுக்கலாம். அங்க யார் மேல போடுறது?" என்றார். கேமராவை மடியில் இறக்கிக்கொண்டு, "வேணாம்னு எழுதிக் கொடுத்துடு" என்றார்.

கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது, அதைவிட அலுப்பாக இருந்தது. 'சரி' என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்துநாலு வருடமாகக் கூப்பிடாமலே வரும் 'சரி' அது. அதை விழுங்கியபோதுதான் எனக்கே உறைத்தது. அந்த விண்ணப்பத்தை நான் அவருக்காக எழுதவில்லை. பதினாறு வருடமாக ஒரே கவுண்டர், ஒரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரே வயல். மூச்சு முட்டியது எனக்குத்தான். அவருடைய புலம்பலைச் சாக்காக வைத்துக்கொண்டு என் ஆசையை எழுதிப் போட்டிருக்கிறேன்.

"நான் போறேங்க" என்றேன். குரல் உரக்க வந்துவிட்டது. நாரை எழும்பிப் போய்விட்டது.

"நான் வரலேன்னா?"

"வந்தா சந்தோஷம். வராட்டியும் போறேன்."

கடிதத்தை ஸ்டீயரிங் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டீயரிங் வளைவில் எழுத்து கோணலாக விழுந்தது. அவர் லென்ஸை மூடினார். மணல் தலையணையை ஜன்னலிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார்.

"அங்க ரொம்பக் குளிருமாமே" என்றார் கடைசியில்.

"எனக்கென்னங்க தெரியும்? நான் இதுவரைக்கும் ஒரு மலையைக்கூடப் பார்த்ததில்லையே" என்றேன்.