வேம்புக்குக் கட்டிய மஞ்சள் துணி

திண்டிவனம் ரயிலடிப் பக்கத்துப் பூங்காவை ஞாயிறுதோறும் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் ஊற்றுகிற ஏழு பேரில் கிருஷ்ணவேணிதான் வாய்த்துடுக்கு. கையும் அப்படித்தான், சும்மா இருக்காது. ஊஞ்சலை ஒட்டிய வேப்பமரத்தடியில் ஆம்பிளைகள் ஒன்றுக்குப் போவதைச் சொல்லிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பலகை மாட்டியும் பார்த்தாள். பலகைமேலேயே போனார்கள், மகராசன்கள். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்துவிட்டு வந்தாள். மறுநாளே அந்தக் கூத்து நின்றது.

நின்றதோடு விட்டதா? விளக்கு வந்தது, எலுமிச்சை மாலை வந்தது, ஆடி வெள்ளிக்குக் கூழும் ஊற்றினார்கள். இந்த ஞாயிறு வந்து பார்த்தால், வெல்டிங் பட்டறைக்காரர் பூமாலை டேப் பிடித்து மரத்தடியை அளந்துகொண்டிருக்கிறார்.

“ஆத்தாவுக்குத் தகரக் கொட்டாய் போடப் போறேம்மா. ஏழு வருஷம் கழிச்சு என் பொண்ணு முழுகாம இருக்கு. ஊஞ்சலத்தான் புடுங்கணும்.”

சுற்றுப்பட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் இருப்பது அந்த ஒரே ஊஞ்சல். போனால் போனதுதான். கிருஷ்ணவேணி தன்னோடு வேலை செய்கிற பழைய போஸ்ட்மேன் சகாயராஜைப் பார்த்தாள். அவர் மண்வெட்டியோடு செடிப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

“அண்ணே, அந்தத் துணி நான் கட்னதுங்க. நாத்தம் தாங்காம கட்னேன். வேற ஒன்னும் இல்ல,” என்றாள்.

விளக்கேற்ற வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வசவு விழப்போகிறது என்றே நினைத்தாள். பூமாலைக்கோ கண் கலங்கியது.

“உனக்கா தோணுச்சுன்னா நெனைக்கிற? ஆத்தாதாம்மா உன்ன கட்டச் சொல்லியிருக்கா.”

கிருஷ்ணவேணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த முகத்தைப் பார்த்து மறுபடி இல்லையென்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஊஞ்சலை விடவும் மனசில்லை.

“அப்படின்னா ஆத்தா இன்னொன்னும் சொல்றாண்ணே. மரத்து நெழலே போதுமாம், கொட்டாய் வேணாமாம். புள்ளைங்க ஆடுறத பாத்துக்கினு இருக்கணுமாம். கும்புட வர்றவங்க ஆளுக்கொரு கொடம் தண்ணி செடிக்கு ஊத்தணுமாம்.”

பூமாலை மரத்தை அண்ணாந்து பார்த்தார். டேப்பைச் சுருட்டினார். பிறகு ஊஞ்சல் சங்கிலியைத் தொட்டு, “துரு புடிச்சிருக்கு, மாத்தித் தர்றேன்,” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினாறு குடம் தண்ணீர் விழுந்தது. ஞாயிறு வேலைக்கு வந்தபோது சகாயராஜ் மெல்ல அருகில் வந்தார்.

“மேக்கு மூலைல குப்ப கொட்டிக்கினு இருக்கானுங்க. அங்கயும் ஒரு துணி...”

“சும்மா இருங்கண்ணே.”

சொல்லிவிட்டு வேம்பைத் தாண்டினாள். தான் கட்டிய துணிதான், தான் வைத்த குங்குமம்தான். இருந்தும் கை தானாகப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பூமாலை மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டும் விட்டாள்.