சேவூரில் கூப்பிட்டால்

செல்லம்மாள் சேவூரில் வாயைத் திறந்தால் சத்தம் ஆரணி ஜவுளிக்கடையில், பட்டுச்சேலைப் பிரிவில் கேட்கும். அவளுக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவிலிருந்து கிளப்பப்பட்ட எல்லோருக்கும் இதே கதிதான். ஆரணியில் நெசவுத் தெரு அது. தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்த ஜனம். ஒரு வீட்டுக் குழம்பில் உப்பு கூடினால் கடைசி வீடு வரைக்கும் தெரியும். ஊர் வளரப்போகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். யாருடைய ஊர் என்று எவனும் கேட்கவில்லை. தெருவை வாங்கியவன் ஒருவன், வாங்கிக் கொடுத்தவன் ஒருவன், இடித்தவன் இன்னொருவன். ஜனத்தைச் சேவூருக்கு அந்தப் பக்கம் வயலில் கட்டிய அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். மூன்றாம் மாடியில் தறிக்குழி எங்கே தோண்டுவது? செல்லம்மாளின் புருஷன் சடையப்பன் தறிமரங்களை விறகுக்குத் தள்ளிவிட்டுச் சும்மா உட்கார்ந்தான். சாமான் இறக்கிய அன்றிலிருந்தே அங்கே யார் பேசினாலும் வாய்தான் அசைந்தது. இடித்த தூசு தொண்டையை அடைத்திருக்கிறது என்று டாக்டர் மருந்து எழுதினார். போனிலும் குரல் போகவில்லை.

பழைய தெரு இருந்த இடத்தில் ஜவுளிக்கடை திறந்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. மேனேஜர் ஹேமநாத் முதலில் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தான். கல்யாணப் பட்டை விரித்துக் காட்டும் நேரத்தில், ஆளே இல்லாமல் ஒரு பொம்பளை, "எழுந்து குளிச்சாத்தான் என்னா, தேஞ்சா பூடுவ?" என்று புருஷனைத் திட்டினால் எவள் வாங்குவாள்? வாங்கத்தான் செய்தார்கள். அவன் பாட்டைச் சத்தமாக வைத்தான். அடுக்குமாடி ஜனம் சண்டை போடவேண்டுமென்றால் டவுன் பஸ் ஏறிக் கடைக்கு வந்தது. அங்கே நின்றால் குரல் அவரவர் வாயிலேயே வரும். சேலையும் வாங்காமல் கத்துகிறார்கள் என்று அவர்களை உள்ளே விடுவதை நிறுத்தினார்கள். தடுத்து நிறுத்த வாசலில் வைத்த வாட்ச்மேன் பச்சையப்பனும் அதே தெருக்காரன், செல்லம்மாளுக்குப் பக்கத்து வீடு.

தீபாவளி நெருக்கத்தில் ஒரு மத்தியானம் செல்லம்மாளின் குரல் கடையில் விழுந்தது.

"பச்சையப்பா, ஜல்தியா ஓடியாடா! உங்க மாமாவுக்கு வாய் கோணிக்கினு போவுதுடா!"

அங்கே சேவூரில் அது எதிர்க் கதவுக்குக்கூடக் கேட்கவில்லை. இங்கே பாட்டின் சத்தம் ஏறியது. பச்சையப்பன் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"கேட்டைத் தாண்டினா அப்படியே போயிடு" என்றான் ஹேமநாத்.

"போறேன் சார். தொப்பிய நீங்களே போட்டுக்கினு நில்லுங்க."

அகலமாக்கிய ரோட்டில் வண்டி நகரவில்லை. பழைய தெருவாக இருந்தால் ஒரு சுவரைத் தாண்டினால் போதும். அவனும் ஆம்புலன்சும் போய்ச் சேர்ந்தபோது சடையப்பன் போயிருந்தான். அடுக்குமாடியில் பொம்பளைகள் மாரடித்துக்கொண்டு அழுதார்கள், சத்தமில்லை. ஒப்பாரி முழுக்கக் கடையில் விழுந்தது. அன்றைக்கும் சேலை விற்றது.

வாசலுக்கு வேறு ஆளை வைத்தார்கள். ஆனால் தனியாகிப்போன செல்லம்மாள் பழக்கத்தில் பச்சையப்பனைக் கூப்பிடுவாள். பேர் சொல்லிக் கூப்பிட்ட அந்தக் குரல், பேருக்கு உரியவன் பதில் சொல்லாததால் அடங்காமல் கடையையே சுற்றிக்கொண்டிருந்தது. பச்சையப்பனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இரக்கத்தில் எடுத்தார்கள் என்று எவனாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போதும் மத்தியானத்தில், "பச்சையப்பா, சாப்டியாடா?" என்று கேட்கும். "ஆச்சுக்கா" என்பான் வாசலிலிருந்து. குரல் அடங்கிவிடும். சேலை பார்க்கிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவன் பதில் சேவூருக்குப் போகாது. அதனால் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, மூன்றாம் மாடி ஏறி, அவள் கதவண்டை நின்று வயிற்றைத் தடவிக் காட்டிவிட்டுத் தன் வீட்டுக்குப் போகிறான்.