ஒஸ்வால்டின் பெயரில் ஓடிய ஓட்டோ

பெற்றோல் இல்லாமல் கொழும்பே தெருவில் நின்ற வருசம் அது, பிள்ளைகளே. வாகனத்துக்கு ஒரு கியூஆர் கோட் என்று கொடுத்தார்கள். அதைக் காட்டினால்தான் கிழமைக்கு, அதாவது ஏழு நாளைக்கு, இவ்வளவு என்று ஊற்றுவார்கள். இனிப் பதுக்கல் நிற்கும், எல்லாருக்கும் நியாயமாய்ப் போய்ச் சேரும் என்றார்கள்.

வெள்ளவத்தை ஸியாமுக்குக் கோட் கிடைக்கவில்லை. போனில் ஓட்டோ நம்பரை அடித்தபோதெல்லாம், ஏற்கெனவே பதிந்தாயிற்று என்றே வந்தது.

ஓட்டோ அவனுடையதுதான். ஆனால் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்டிடம் வாங்கியபோது பேர் மாற்றவில்லை. ஊரில் பாதிப்பேர் அப்படித்தான், விற்றவன் கையெழுத்து வைத்த கடதாசியோடு ஓப்பன் பேப்பரில் ஓடுகிறார்கள். "பேர மாத்தி எடுங்களே" என்று மனைவி றுஷ்னா அன்றைக்கே சொன்னாள்.

"அவன் என்ட கூட்டாளி. நீ சும்மா இரி" என்று சிரித்தான் ஸியாம்.

இப்போது றுஷ்னாவுக்கு இரண்டு கிட்னியும் பழுது. தவறாமல் பொரளை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பஸ்ஸும் ஒழுங்காக ஓடவில்லை. ஸியாம் ஒஸ்வால்டுக்குக் கோல் எடுத்தான்.

"ஓம் மச்சான், நான்தான் பதிஞ்சனான். என்ட பேர்தானே இன்னும் கிடக்கு? என்ட காருக்குத் தாறது மூக்குக்கும் காணாது. இங்க பெற்றோல் ஷெட்டில தெரிஞ்ச பொடியன் ஓட்டோட கோட்டுக்குக் கானில அடிச்சுத் தருவான்."

"றுஷ்னாவ கிளினிக் கொண்டு போகணும்டா."

"ஐயோ, அப்ப இந்தக் கிழம நீ அடி. கோட அனுப்புறன்."

கோட் வந்தது. மறுநாள் விடியவே றுஷ்னாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு பம்பலப்பிட்டி வரிசையில் நின்றான். பெற்றோல் அடித்த கையோடு நேரே பொரளை போவதாக எண்ணம். சொட்டுப் பெற்றோலையும் மிச்சம் பிடிக்க, எஞ்சினை நிறுத்தித் தள்ளித் தள்ளியே முன்னேறினான். உச்சி வெயிலில் பம்ப் வந்தது.

பம்ப்காரன் போனைப் பிடித்துப் பார்த்தான். "அய்யே, கோட்டா இவரய்." இந்தக் கிழமைப் பங்கு முடிந்துவிட்டதாம். நேற்றே யாரோ முழுவதையும் அடித்திருந்தார்கள்.

"சொறி மச்சான், கானில அடிச்சத மறந்துபோனன். அடுத்த கிழம கட்டாயம்" என்றான் ஒஸ்வால்ட் போனில்.

"அடுத்த கிழமக்கி அவள் உசிரோட ஈக்கணுமேடா!"

அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. பின்னால் ஹோன் காதைக் கிழித்தது. காவலுக்கு நின்ற பொலிஸ்காரன் வந்து போன் திரையில் பேரைப் பார்த்தான். இந்த ஒஸ்வால்ட் உனக்கு யார் என்று சிங்களத்தில் கேட்டான்.

ஸியாம் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான். றுஷ்னா மடியிலிருந்த பையின் சிப்பை இழுத்து மூடினாள். ஏசியிருந்தாலாவது தாங்கியிருப்பான்.

"கூட்டாளி" என்றான்.

றுஷ்னா ஆஸ்பத்திரிப் பையோடு, வீங்கிய காலை மெல்ல ஊன்றி இறங்கினாள்.

"தள்ளுங்க. நான் எறங்கினா பாரம் கொறயும்."

பொரளைப் பக்கமா, வீட்டுப் பக்கமா என்று கேட்காமலே அவன் ஹாண்டிலைப் பிடித்தான்.