விருந்தாளிக்கு மட்டும் சூடு

நிலாணியைப் பற்றி இந்தக் குளிர் தேசத்து மோர்னிங்சைட் பக்கத்தில் யாரையும் கேட்டுப் பாருங்கள். அவள் வீட்டுக்குப் போய் வெறும் வாயோடு திரும்பியவர் ஒருவரும் இல்லை. பார்சல் கொண்டு வருபவன்கூட ஒரு வடையைக் கடித்துக்கொண்டுதான் வண்டியில் ஏறுவான். அந்தப் பெருமைதான் போன குளிர்காலத்தில் அவளுடைய காலை வாரிவிட்டது.

அவள் குடியிருப்பது அருள்நாயகத்தின் வீட்டுப் பேஸ்மென்ற்றில், நிலத்துக்குக் கீழே இருக்கிற வாடகைப் பகுதியில். கணவன் திலக்சன் லொறி ஓட்டுகிறவன், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அவளும் ஆறு வயது மகள் சிவானியும்தான். அருள்நாயகம் மேலே குடியிருந்தவரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு அவர் பக்கத்து ஊரான அஜக்ஸில் புது வீடு வாங்கிக்கொண்டு போனார். மேல்வீடு காலியாயிற்று. ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்குச் சூடு என்று, அங்கே இருந்தபடியே கைபேசியில் விரலை ஓட்டி, மேலுக்கும் கீழுக்கும் பொதுவான ஹீற்றரைக் குறைத்துவிட்டார். கீழே இரண்டு உயிர் இருப்பது மனிதருக்கு மறந்துபோயிற்று. கோயிலில் அன்னதானம் என்றால் முதல் ஆளாக நிற்கிறவர் அவர். அந்தப் புண்ணியம் பேஸ்மென்ற் வரைக்கும் இறங்கவில்லை.

சிவானி தொப்பியோடு சாப்பிட்டாள், கையுறையோடு படுத்தாள். இருமல் பிடித்தது, விடவே இல்லை. வீடு சூடாக இருந்தால்தான் இது மாறும் என்று டொக்டர் சொன்னார். நிலாணி போன் எடுத்தபோதெல்லாம் அருள்நாயகத்திடம் ஒரே பாட்டுத்தான்.

"தங்கச்சி, ஊரிலை ஹீற்றரோடையோ பிறந்தனீங்கள்? இன்னொரு ஸ்வெற்றரைப் போடுங்கோ. ஒத்துவரேல்லையெண்டால் வேறை வீடு பாருங்கோவன்."

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் நகரசபைக்குப் போன் அடித்தாள். குளிர்காலத்தில் வாடகை வீடு இருபத்தொரு பாகை வெப்பத்துக்குக் கீழே போகக்கூடாது, அது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு, ஒரு அதிகாரி வந்து அளந்து பார்ப்பார் என்றார்கள். அட, இவ்வளவு நாளும் கெஞ்சிக் கேட்டது சட்டப்படி எனக்குச் சேரவேண்டியதா என்று அவளுக்கு ஒரு நிமிர்வு வந்தது.

அதிகாரி வரப்போகிறார். வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் நிலாணிக்குக் கை சும்மா இருக்குமா? விடிய எழும்பி வீட்டைத் துடைத்தாள். வருகிற மனிதர் குளிரில் நடுங்கக்கூடாதே என்று கேக் சுடுகிற அவண் அடுப்பைப் போட்டு, அதன் கதவைத் திறந்துவிட்டாள். பக்கத்து வீட்டு மரியம்மாவிடம் ஒரு சின்ன ஹீற்றர் இரவல் வாங்கி வைத்தாள். உளுந்து வடை சுட்டாள். தேத்தண்ணி கொதித்தது. வந்தவர் அகஸ்ரின், நம்மடை தமிழ் ஆள் என்று கண்டதும் இன்னும் இரண்டு வடை கூடியது.

அகஸ்ரின் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அறையின் நடுவில் வெப்பமானியைப் பிடித்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இருபத்திரண்டு காட்டுது, அக்கா."

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. "ஐயோ, அது அவண்... நீங்கள் வாறீங்களெண்டு..."

"விளங்குது. ஆனால் நான் வரேக்கை என்ன இருக்குதோ, அதைத்தான் எழுதலாம். திரும்பக் கூப்பிடுங்கோ, வாறன்." வடையை மட்டும் அவர் தொடவில்லை.

நகரசபையிலிருந்து தகவல் போக, பின்னேரமே அருள்நாயகம் போனில் சிரித்தார். "சிற்றியே வந்து நல்ல வீடெண்டு சொல்லிப்போட்டுது. இனி என்ன கதை?"

எந்நேரமும் திறந்து வைக்க ஆபத்து என்று நிலாணி அவணை நிறுத்தினாள், இரவல் ஹீற்றரையும் திருப்பிக் கொடுத்தாள். சிறிது நேரத்தில் பழைய குளிர் வந்து குந்திக்கொண்டது. சிவானி திரும்பவும் கையுறையை மாட்டிக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, நாளைக்கும் கெஸ்ற் வருவினமா? கெஸ்ற் வந்தால்தானே வீடு சூடாகுது."

நிலாணி மகளின் கையுறையைப் பார்த்தாள். முன்பின் தெரியாத மனிதர் நடுங்கக்கூடாது என்று பதறினேனே, பெற்ற பிள்ளை நடுங்குவதை ஊருக்கு மறைக்கவா இத்தனை வடையும் சுட்டேன்? அவளுக்குத் தன்மீதே கோபம் வந்தது. திரும்பவும் நகரசபைக்கு அடித்தாள்.

இந்த முறை அவள் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவள் வாழ்க்கையில் செய்த ஆகக் கடினமான வேலை. அகஸ்ரின் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்து கையைத் தேய்த்தபோது, அவளுடைய கை தன்பாட்டில் தேத்தண்ணிக் கேத்தலை நோக்கிப் போயிற்று. இழுத்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"இருங்கோ. பச்சைத்தண்ணி வேணுமெண்டால் தாறன். வேறை ஒண்டும் தரமாட்டன்."

"அது காணும், அக்கா," என்று அகஸ்ரின் சிரித்தார். வெப்பமானி பதினைந்தைக் காட்டியது. நிலாணி தலையைக் குனியவில்லை. குளிர்ந்த வீட்டைக் காட்டுவதில் அவளுக்கு இப்போது வெட்கம் இல்லை. வெட்கப்படவேண்டியவர் அஜக்ஸில் இருந்தார்.

நகரசபை உத்தரவு போன கையோடு அருள்நாயகம் நேரில் வந்து வாசலில் நின்றார். "ஒரே ஊர்ச் சனம். ஆரோ வெளியாளிட்டைப் போய்ச் சொல்லலாமோ, தங்கச்சி?"

"உங்களிட்டைத்தானே அண்ணை முதல் சொன்னனான்," என்றாள் நிலாணி. குரல் உயரவில்லை. "நான் தயவு கேக்கேல்லை. வீட்டோடை சேத்துத் தரவேண்டியதைக் கேட்டனான். அஜக்ஸிலை உங்கடை பிள்ளையள் தொப்பியோடையோ படுக்கினம்?"

அருள்நாயகம் வாயைத் திறந்தார். அறைக்குள்ளிருந்து சிவானி இருமினாள். அவர் எட்டிப் பார்த்தார். பிள்ளை கையுறை போட்ட கையால் பென்சிலைப் பிடிக்க முடியாமல் பிடித்து எழுதிக்கொண்டிருந்தது. மனிதர் கைபேசியை எடுத்து ஹீற்றரைக் கூட்டினார்.

"உள்ளுக்கை வந்து இருங்கோ, அண்ணை. சூடு வரட்டும், தேத்தண்ணி தாறன். அதுக்கு முதல் இல்லை."

கோட்டைக் கழற்றாமல் அவர் நாற்காலியில் இருந்தார். குளிர் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும், கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மேலே எங்கோ ஏதோ உறுமியது. சுவரோரக் காற்றுத் துவாரம் தூசி மணத்தோடு மூச்சுவிடத் தொடங்கியது. சிவானி ஓடிப்போய் அதன் முன்னால் குந்தி, முதலில் ஒரு கையுறையைக் கழற்றினாள், பிறகு மற்றதையும்.

"அம்மா, சூடு வருது! ஆர் வரப்போயினம்?"

"ஒருத்தரும் வரேல்லை, குஞ்சு," என்று நிலாணி கேத்தலை அடுப்பில் வைத்தாள். "இது உனக்கு."