திரும்பி வருவதற்குக் காரணம்

தாய்லாந்தின் சிற்றூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையலறையில் லம்துவான் காராமணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. முந்நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக வேண்டும். கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு உறையை வாங்கினாள். உள்ளே அவளுடைய பாஸ்போர்ட்டும் ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதமும் இருந்தன. பாஸ்போர்ட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். எந்தப் பக்கத்திலும் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

இடைவேளையில் காப்பிக்கு வந்த ஆங்கில டீச்சர் பென்ச்சானிடம் கடிதத்தை நீட்டினாள்.

"அக்கா, பிரிட்டன் விசா இல்லைன்னுட்டாங்க," என்றாள் பென்ச்சான்.

"ஏனாம்?"

பென்ச்சான் தயங்கினாள். "நீங்க திரும்பி வர்றதுக்கு இங்க காரணம் எதுவும் இருக்கிறதா அவங்களுக்குத் தெரியலையாம். வேலை இல்ல, புருஷன் இல்ல, பிள்ளை இல்ல, நிலம் இல்லைன்னு போட்டிருக்கு."

"வேலை இல்லையா? அப்ப நான் விடிஞ்சதுலேர்ந்து இங்க நறுக்கிட்டிருக்கிறது என்னவாம்?"

கோபத்தில் மிளகாயை இடித்த இடியில் உரலே பெயர்ந்துவிடும்போல் இருந்தது. ஆனால் அவளைக் குத்தியது வேலை விஷயம் அல்ல, மீதி மூன்றும்தான். அந்த மூன்றும் உண்மை. ஐம்பத்து நான்கு வயதில், முன்பின் தெரியாத ஒருவர் தன் வாழ்க்கையைப் பார்த்து அதில் ஒன்றுமே இல்லை என்று எழுதி அனுப்பியதுபோல் இருந்தது.

அம்மா இறந்தபோது தங்கை கேசோனுக்கு ஒன்பது வயது. லம்துவான்தான் அவளுக்குத் தலை வாரி, பள்ளிக்கு அனுப்பி, படிக்க வைத்து ஆளாக்கினாள். வந்த வரன்களை அடுத்த வருஷம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டவள், பிறகு தள்ளிப்போடவும் வரன் வராத வயதை எட்டிவிட்டாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. கேசோன் பதினொரு வருஷத்துக்கு முன் கிரெய்க் என்ற பிளம்பரைக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவாள். போன வருஷம் சொந்த வீடு வாங்கியதிலிருந்து ஒரே நச்சரிப்பு. "என் வீட்டுல நீ ஒரு வாய் சாப்பிட்டதில்லையேக்கா. ஏப்ரல் லீவுல வா."

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைக்காரன் ஒருவன்தான் எல்லாவற்றையும் எழுதினான். சம்பளச் சீட்டு இருக்கா என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் கையில் தருவதுதான், சீட்டெல்லாம் கிடையாது என்றாள். அவன் வேலை இல்லை என்று எழுதிவிட்டான். தங்கை வீட்டுக்குப் போகிறாள் என்பதைக்கூடச் சரியாகப் போடவில்லை, 'ஊர் சுற்றிப் பார்க்க' என்று முடித்துவிட்டிருந்தான்.

அன்று சாயங்காலம் போனில் விஷயத்தைக் கேட்டதும் கேசோன் அழுதாள். கிரெய்க் திரையில் தலையை நீட்டினான். அவனுக்குத் தெரிந்த தாய்லாந்துப் பேச்செல்லாம் பெண்டாட்டியிடம் கற்றது, அதனால் பொம்பளைங்க மாதிரியே இழுத்துத்தான் பேசுவான்.

"அக்கா, கோவம் வேணாங்க்கா. நாம மறுபடி போடுவோம். அக்கா சாப்பிட்டாச்சா?"

"வேணவே வேணாம்," என்றாள் லம்துவான். "நான் என்னமோ அங்க வந்து ஒளிஞ்சுக்கப் போறவ மாதிரி எழுதியிருக்காங்க. எனக்கு அந்த ஊரும் வேணாம், அந்தக் குளிரும் வேணாம்."

ஒன்பது நாள் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. பத்தாம் நாள், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, பென்ச்சான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, சும்மா கேக்கறேன். நீங்க அங்கேயே இருந்துட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகுமா? மே பதினாறு ஸ்கூல் திறக்குது. புது ஒண்ணாங்கிளாஸ் வந்து நிக்கும். முதல் வாரம் பாதி அழும், பாதி தின்னாது. எதுக்கு முட்டை ஆகாது, எது இறாலைத் தொட்டாலே தடிச்சுப்போகும்னு யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியுமா? ஹெட்மாஸ்டருக்குத் தெரியுமா? அவருக்கு உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது! மழை விழுந்ததும் அரிசி ரூம் ஒழுகும், மூட்டையெல்லாம் யாரு நகர்த்துவா? ஆறாங்கிளாஸ்ல ஒருத்தி, வீட்டுல ராத்திரி சாப்பாடு இல்ல. தினம் ஒரு பொட்டலம் ஒட்டரிசிச் சோறு அவ பையில வைக்கறேன். அவளுக்கே தெரியாம, மத்தவங்க கண்ணுலயும் படாம வைக்கணும். இதெல்லாம் விட்டுட்டு நான் அங்க போய் உக்காந்துக்குவேனா?"

பென்ச்சான் பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தாள். "இதையே எழுதுங்க. ஒரு வார்த்தை மாத்த வேணாம். ஆங்கிலத்துல நான் பாத்துக்கறேன்."

"ஹெட்மாஸ்டரைப் பத்தினதையுமா?"

"அதை மட்டும் விட்டுடலாம்."

லம்துவான் மூன்று நாள் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். அந்த ஹெட்மாஸ்டரே, பதினேழு வருஷமாக இவர்தான் எங்கள் சமையல் பொறுப்பாளர், மே பத்தாம் தேதிக்குள் வந்தாக வேண்டும் என்று முத்திரை குத்திக் கடிதம் கொடுத்தார். கேசோனும் கிரெய்க்கும் அழைப்புக் கடிதத்தோடு இத்தனை வருஷத்துப் படங்களையும் அனுப்பினார்கள்.

பாங்காக்கில் விசா மையத்தில் விரல் ரேகை எடுக்கும்போது வேறு சிக்கல். போன தடவை எப்படியோ பதிந்த பத்து விரலையும் இப்போது கண்ணாடிமேல் வைத்தால் மிஷினுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வருஷக்கணக்கில் உரலும் உலக்கையும் தேய்த்த விரல்கள். லம்துவான் விரல்களைத் துணியில் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தாள், அப்போதும் தெரியவில்லை.

கவுண்டரிலிருந்த பெண் ஈரத்தாளை நீட்டினாள். "துடைச்சிட்டு மெதுவா அழுத்துங்க." பிறகு கையைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, வடகிழக்குச் சீமையான ஈசான் பக்கத்துப் பேச்சுக்கு மாறினாள். "சமையலாக்கா? எந்த ஊரு?"

"வாபி பதும்."

"அட, நான் பக்கத்து ஊரு போராபூ! எங்கம்மாவுக்கும் இதே விரல்தான். பாஸ்போர்ட்டுக்கு அவங்க ஆறு தடவை வெச்சாங்க, நீங்க ரெண்டாவதுதானே. பதறாதீங்க."

நாலாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது.

பதினெட்டாம் நாள் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. இந்தத் தடவை லம்துவான் உறையைத் தானே பிரிக்கவில்லை. பென்ச்சான்தான் பிரித்தாள், பிரித்தவள் கத்திய கத்தலில் ஹெட்மாஸ்டர் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு ஓடிவந்தார். விசா பக்கத்தில் லம்துவானின் படம் முறைத்துப் பார்த்தது.

ஏப்ரலில் டண்டீ விமான நிலையத்துக்கு வெளியே அடித்த காற்றில் அவள் மூக்கு மரத்துப்போனது. கேசோன் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வீட்டில் சமைத்து வைத்திருந்தாள். ஊரில் பப்பாளிக்காயில் செய்யும் கார சாலட்டை இங்கே காரட்டைச் சீவி, மிளகாய் இடித்துப் போட்டுச் செய்திருந்தாள். லம்துவான் ஒரு வாய் தின்று, புளிப்பு போதவில்லை என்று சொல்லி, தட்டைக் காலி செய்து மறுபடி நீட்டினாள்.

பதிமூன்றாம் தேதி சோங்க்ரான், தாய்லாந்துப் புத்தாண்டு. ஊரில் தெருவெல்லாம் தண்ணீராக இருக்கும், வீட்டில் சின்னவர்கள் பெரியவர்கள் கையில் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவார்கள். இங்கே ஜன்னல்மேல் ஆலங்கட்டி விழுந்தது. கேசோன் தண்ணீரை வெதுவெதுப்பாகச் சூடாக்கி, கடையில் வாங்கிய ரோஜா இதழ்களை மிதக்கவிட்டுக் கொண்டுவந்தாள். அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டு, அவள் உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஊருக்கு வந்ததெல்லாம் வேறு மாதங்களில் என்பதால், பதினொரு வருஷமாக அவளால் செய்ய முடியாமல் போனது அது.

கிரெய்க்கும் கம்பளித் தொப்பியோடு முட்டி மடக்கி உட்கார்ந்து கிண்ணத்தை வாங்கினான். அவன் ஊற்றிய வேகத்தில் பாதித் தண்ணீர் லம்துவானின் மடியில் கொட்டியது.

"பிளம்பர்னு சொன்னே, தண்ணிய ஒழுங்கா விடத் தெரியலையே இவனுக்கு," என்றாள் லம்துவான். கேசோன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். லம்துவான் ஈரக்கையை இருவர் தலையிலும் வைத்து, நோய்நொடியில்லாமல் இருங்கள், சண்டை போட்டாலும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள் என்று வாழ்த்தினாள்.