நடுக் கண்ணாடி

பள்ளத்தாக்கின் மேல் போட்ட கண்ணாடிப் பாலத்தில் நடுக் கண்ணாடி கிடையாது. திறப்பு விழாவன்று ஊரே அந்த இடத்தின் மேல் நடந்தது, யாரும் விழவில்லை. முந்தைய நாள் லாரியிலிருந்து இறக்கும்போது விளிம்பில் அடிபட்டு அந்தக் கண்ணாடி நொறுங்கியிருந்தது. வேறு வரும்வரை காலிச் சட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லிவிட்டுப் பொறியாளர் அடுத்த வேலைக்கு வெளியூர் போய்விட்டார். கண்ணாடி பொருத்துகிறவன் கட்டினான். விடிந்ததும் அலங்காரக்காரர்கள் அதைத் தங்கள் கயிறு என்று அவிழ்த்து, வாசலில் பலூன் கட்டினார்கள். அவன் வந்து சேர்ந்தபோது, சட்டத்துக்குள், வெறும் காற்றின் மேல் மண்டியிட்டு, பாலத்தைத் துடைக்கும் வேலையில் சேர்ந்திருந்த அவன் மனைவி துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடியில் பருந்துகள் வட்டமிட்டன. அதற்கும் கீழே ஆறு நூலாகத் தெரிந்தது. கத்த வாயெடுத்தவன் மூடிக்கொண்டான். சொன்னால்தான் விழுவாள் என்று பட்டது.

பிறகு வருடக்கணக்கில் சொல்லவில்லை. அவள் தினமும் காலையில் துடைத்தாள். அவள் வீடு திரும்பும்வரை அவனுக்குச் சோறு இறங்காது. வருகிறவர்கள் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நின்றார்கள். பேசிக்கொண்டு வந்தவர்கள் அங்கே குரலைத் தாழ்த்தினார்கள். மேலாளர் அவளிடம், “மத்ததும் இதே மாதிரி பளிச்சுன்னு இருந்தா என்னம்மா?” என்பார். அவன் மட்டும் அதன் பக்கம் போவதில்லை. “மாட்டினவருக்கே பயம்” என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

புதுக் கண்ணாடி ஒருநாள் லாரியில் வந்து இறங்கியது. இனி மறைக்க முடியாது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னான்.

“அது இல்லன்னு மொத நாளே தெரியும்” என்றாள். “துடைக்கிறவளுக்குத் தெரியாதா? துணி எதுலயும் படவே இல்லையே.”

“தெரிஞ்சுமா போய் நின்ன?”

“குனிஞ்சு ஆத்தைப் பாத்தேன். அது நிமிந்து என்னைப் பாத்துச்சு. அப்புறம் எங்கங்க பயம்?”

“என்கிட்ட ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீங்க பயந்தே செத்திருப்பீங்க.”

மறுநாள் காலையில் அவள் சட்டத்துக்குள் நின்று கையை நீட்டினாள். அவன் செருப்பைக் கழற்றினான். கண்ணை மூடிக்கொண்டு காலெடுத்து வைத்தான். உள்ளங்காலுக்கு அடியில், பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே மூச்சாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க, துடைக்கணும்” என்றாள்.

தள்ளி நின்றான்.